செத்த வீட்டுக்குத்தான் வருவன்

அத்தியாயம் பதினேழு

போன கிழமை மெட்டில்டா டீச்சரை எங்கே விட்டுவிட்டு வந்தோம்? குசினிக்குள். கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு போனில் குசுகுசுத்தபடி நின்றா. மறுமுனையில் தினேஷா, கொழுந்தன் மெல்ரொய்யின் மனிசி.

புருசன்மார் இரண்டு பேரும் ஆறு வருசமாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. பெண்சாதிமார் இரண்டு பேரும் அந்த ஆறு வருசமும் ஒரு நாள் தவறாமல் கதைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்முனையில் குழாய்த் தண்ணீர் இவ்வளவு வீணாகப் போன வீடு வேறு இருக்காது.

காணி பூமிச் சண்டை என்றாலாவது பரவாயில்லை. இது ஒரு பாட்டுச் சண்டை. அந்தோனியார் திருநாள் பவனிக்கு அண்ணன் வில்பிரட் மாஸ்டர் சாக்ஸபோன், தம்பி மெல்ரொய் ட்ரம்பெட். இருபது வருசம் ஒரே வரிசையில் நடந்த ஆட்கள். அந்த வருசம் அந்தோனியாரின் சுருவச் சிலை கோயில் வாசலுக்கு வருகிற நேரம் பார்த்து, பவனிப் பாட்டைத் தம்பிக்காரன் ஜாஸ் மாதிரி நெளித்து, வளைத்து, துள்ள விட்டான். அண்ணன் நின்றார். திரும்பினார். ஊர் பார்க்க, சுவாமியார் பார்க்க, தம்பியின் வாயில் இருந்த ட்ரம்பெட்டைப் பிடுங்கினார். உதடு வெடித்து ரத்தம் வந்தது.

“இனி உன்ட செத்த வீட்டுக்குத்தான் வருவன்” என்று சொல்லிவிட்டுப் போனான் மெல்ரொய். போனவன் போனவன்தான். அவர்களுடைய பாண்ட் வாத்தியக் கோஷ்டி அதோடு உடைந்தது.

இப்போது மெட்டில்டாவின் மகள் றொசானிக்குத் தை மாதம் கலியாணம். நத்தார் முடிந்த கையோடு கோயிலில் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். பெட்டை ஒரே பிடி. “சித்தப்பா ட்ரம்பெட் ஊதாம நான் கோயில் படி ஏறமாட்டன்.” ஏறமாட்டன் என்றால் ஏறமாட்டாள். அந்தப் பிடிவாதம் எங்கே இருந்து வந்தது என்று மெட்டில்டாவுக்கு நன்றாகத் தெரியும், கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்தானே.

ஆகவே இந்தச் சனிக்கிழமை றொசானி நடத்தப்போகிற கச்சேரி. இந்த ஒரு பின்னேரம். விட்டால் ஆட்களை ஒரு கூரைக்குக் கீழே கொண்டுவர வேறு வழியே இல்லை.

“என்னகா சொல்றார் உன்ட மனிசன்?” என்றா மெட்டில்டா, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு.

“என்னத்தச் சொல்ல அக்கா? ஜாம் செஷன் இரிக்கி, றொசானிதான் நடத்துறா, ஒருக்காப் போய்ப் பாப்பமா எண்டு கேட்டன். அதே பழைய பல்லவிதான்.”

“செத்த வீட்டுக்குத்தானாமா?”

“ஓம். செத்த வீட்டுக்குத்தானாம்.”

மெட்டில்டாவுக்கு எரிச்சல் வந்தது. முப்பத்திரண்டு வருசம் கணக்குப் படிப்பித்த மனுசி அவ. எந்தக் கணக்குக்கும் ஒரு விடை இருக்கவேணும். இந்த இரண்டு தடியன்களின் கணக்குக்கு மட்டும் விடை வருகுதில்லை.

“அந்தாள் கிடக்கட்டும். நீயாவது வா” என்றா. “கட்லட்டும் கொண்டு வா.”

ஜாம் செஷன் நடக்கிற இடம் அஸீமின் ஸ்டோர். கலியாணம், கூட்டம், மரண அறிவித்தல் எல்லாத்துக்கும் சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுக்கிற ஆள் அஸீம். டிரம்ஸ் அடிப்பது அவருக்குப் பைத்தியம். ஸ்டோரில் பொக்ஸ்களை ஒரு பக்கம் ஒதுக்கி, நாற்பது கதிரை போட்டு, மஞ்சள் பல்ப் கட்டியிருந்தார். வாசலில் அவருடைய ஓட்டோ நின்றது. தலையில் இரண்டு லவுட்ஸ்பீக்கர், கொம்பு மாதிரி. கல்முனையில் அந்த ஓட்டோவைக் கண்டால் சனம் வேலையை விட்டுவிட்டு காது கொடுக்கும், இன்றைக்கு ஆர் போனது என்று.

“மஃரிப் தொழுகை முடிஞ்ச உடனே தொடங்குவம், இஷாக்கு முதல் நிப்பாட்டிருவம்” என்றார் அஸீம். “ஒரு மணித்தியாலம் கிட்ட வரும். காணும்தானே றொசானி?”

“காணும் அஸீம் காக்கா. ஆள் வந்தாக் காணும்.”

ஆள் எங்கே வருகிறது? மார்கழி மாரி கொட்டுகிறது. வாடைக்காற்று கடலில் இருந்து வந்து குடையைத் தலைகீழாக்குகிறது. ஆறு மணிக்கு மெட்டில்டா எண்ணிப் பார்த்தா. பதினொரு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள்.

வில்பிரட் மாஸ்டர் கடைசி வரிசையில், சாக்ஸபோன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆசுபத்திரியில் நம்பர் கூப்பிடும்வரை இருக்கிற ஆள் மாதிரி இருந்தார். மகள் “வந்து இருந்தாப் போதும் அப்பா” என்று கெஞ்சியதால் வந்தவர். பெட்டியை ஏன் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று மெட்டில்டா கேட்கவில்லை. கேட்டால் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்திருப்பார்.

அவருடைய வலது கை விரல்கள் பெட்டியின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இதுவும் ஒரு தலையிடி. ஆறு வருசமாக இந்த விரல் சும்மா இருப்பதில்லை. கதிரைக் கைப்பிடியில், கட்டில் சட்டத்தில், சோத்துக் கோப்பை விளிம்பில். நரம்புத் தளர்ச்சியாக்கும் என்று பயந்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், விற்றமின் குளிசை வாங்கி, ஒரு வருசமாகக் கொடுத்துக்கொண்டு வாறா மெட்டில்டா. ஒரு குறைச்சலும் இல்லை.

றொசானி கீபோர்ட்டில் கையை வைத்தாள்.

அவளுக்குப் பக்கத்தில் பேஸ் கிற்றாருடன் டனிஸ்டன், வரப்போகிற மாப்பிள்ளை. மாமனார் பார்க்கிறார் என்று அவனுக்கு வியர்த்து ஒழுகியது, இந்தக் குளிரிலும். பின்னால் அஸீம், இரண்டு குச்சியையும் தட்டி, “ஒண்டு, ரெண்டு, ஒண்டு ரெண்டு மூண்டு!”

அவ்வளவுதான். ஸ்டோர் எழும்பி நின்றுவிட்டது!

டனிஸ்டனின் பேஸ் நெஞ்சுக்குள் இடித்தது. அதற்கு மேலே றொசானியின் விரல் ஓடிப்பிடித்து விளையாடியது. கடதாசி இல்லை, நோட்ஸ் இல்லை. ஒருத்தர் ஒரு சின்னத் துண்டை வாசிப்பார், மற்றவருக்குத் தலையை ஆட்டுவார், மற்றவர் அதை வாங்கித் தன் மனம் போன போக்கில் கொண்டுபோய்ச் சுற்றிக் காட்டித் திருப்பிக் கொடுப்பார். மழைக்கு ஒதுங்கின மூன்று பேரில் ஒருத்தர் சட்டைப் பையில் இருந்து மவுத் ஓர்கனை எடுத்தார். பாண்டிருப்பில் வயல் செய்கிற மனிசன், சாரத்தை மடித்துக் கட்டினபடியே முன்னுக்கு வந்து, றொசானி தலையை ஆட்டினதும் ஊதினார் பாருங்கள் ஒரு ஊது! அஸீம் சந்தோசத்தில் “அப்படிப் போடு!” என்று கத்தினார். தகரத்தில் மழை அடித்த அடியும் அவர் கணக்கில் ஒரு டிரம்ஸ்தான்.

மெட்டில்டா முதலில் தாளத்தை எண்ணிப் பார்த்தா. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நாலில் முடியவேண்டியது மூன்றரையில் குதித்தது. திரும்ப எண்ணினா. திரும்பவும் குதித்தது. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டா. கால் தன்பாட்டில் ஆடுகிறது, தோள் ஆடுகிறது, பக்கத்தில் தினேஷா கட்லட் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சட்டியோடு ஆடுகிறாள். ஐயோ, என்ன சந்தோசம்! இந்தச் சந்தோசத்தை இவ்வளவு நாளும் எந்தப் பரணில் போட்டு வைத்திருந்தோம் என்று இருந்தது அவவுக்கு.

“மெல்ரொய் இதப் பாத்திருக்கோணும் அக்கா” என்றாள் தினேஷா, காதுக்குள். கண் கலங்கியிருந்தது.

“போன் எடுத்துச் சொல்லு.”

“சத்தத்த நிப்பாட்டி பேக்குக்குள்ள போட்டுட்டன். எடுத்தாலும் வரமாட்டார்.”

பாட்டு முடிந்தது. பதினொரு பேரும் கை தட்டியது நூறு பேர் தட்டியது மாதிரி இருந்தது. றொசானி எழும்பி நின்று கடைசி வரிசையைப் பார்த்தாள்.

“அப்பா. உங்கட முறை.”

மாஸ்டர் தலையை ஆட்டினார். மாட்டேன் என்ற ஆட்டு. “நோட்ஸ் கொண்டு வரல்ல.”

“நோட்ஸ் தேவையில்ல.”

“நோட்ஸ் இல்லாம நான் எந்த நாள் ஊதியிருக்கன்?”

அது உண்மை. தனக்கு முன்னால் நடக்கிறவனின் முதுகில் கடதாசியைக் கிளிப் போட்டு வைத்து ஊதுகிற மனிசன் அவர். ஆனால் மெட்டில்டாவுக்குத் தெரியும், ஒரே ஒரு பாட்டு அவருக்குக் கடதாசி இல்லாமல் வரும்.

“மழைக்க ஊதுறதத்தான் ஊதுங்களன்” என்றா, சத்தமாக.

மாஸ்டர் பெண்சாதியை முறைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, பெட்டியின் கொளுக்கியைத் திறந்தார்.

அஸீமுக்குத் தலைகால் புரியவில்லை. வில்பிரட் மாஸ்டர் ஆறு வருசத்துக்குப் பிறகு ஊதப்போகிறார்! இதைப் பதினொரு பேரோடு விடுவதா? ஓடிப்போய் வாசலில் நின்ற ஓட்டோவின் லவுட்ஸ்பீக்கருக்கு வயரைக் குத்தினார். ரோட்டில் போகிற சனம் கேட்டு உள்ளே வரட்டும். மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

அஸீமுக்கு மைக்கில் ஒரு குரல்தான் உண்டு. பதினைந்து வருசமாக மரண அறிவித்தல் சொல்லிச் சொல்லிப் பழகின குரல். நத்தார் வாழ்த்துச் சொன்னாலும் அந்தக் குரலில்தான் வரும்.

“கல்முனையைப் பிறப்பிடமாகவும்... வசிப்பிடமாகவும் கொண்ட... முன்னாள் பாண்ட் மாஸ்டர்... வில்பிரட் அவர்கள்... இன்று மாலை...”

மெட்டில்டா தினேஷாவின் தொடையில் ஒரு அடி போட்டா. “பாருகா இவன! செத்த வீட்டுக்குச் சொல்ற மாதிரியே சொல்றான்!” இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“...எமது ஸ்டோரில் சாக்ஸபோன் இசைக்கவுள்ளார்” என்று அஸீம் முடித்தார். முடித்தது உள்ளே இருந்தவர்களுக்குக் கேட்டது. வெளியே, மழைத் தண்ணீர் இறங்கின லவுட்ஸ்பீக்கர், அந்த நேரம் பார்த்து ‘கொர்ர்’ என்று இழுத்து, வாயை மூடிக்கொண்டது. அது திரும்ப வாயைத் திறந்தபோது மாஸ்டர் ஊதத் தொடங்கிவிட்டார்.

அவர் ஊதியது பெட்டி எடுக்கிற பாட்டு.

பிரேதத்தை வீட்டில் இருந்து தூக்கும்போது ஊதுகிற அந்தப் பாட்டு, அண்ணன் தம்பி இரண்டு பேருடைய தகப்பன் போட்டது. மழையிலும் வெயிலிலும் நடந்தபடி ஊதவேண்டியது, கடதாசி பிடிக்க முடியாது, அதனால் நெஞ்சில் பதிந்துபோனது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக ஊதினார். றொசானி ஒன்றும் பேசாமல் கீழே இருந்து ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுக் கொடுத்தாள். டனிஸ்டன் இரண்டு அடிக்கு ஒரு தரம் தந்தியை மீட்டினான். சோகப் பாட்டுக்குக் கீழே ஒரு ஆட்டம் மெல்ல மெல்ல மூச்சு விடத் தொடங்கியது. மெட்டில்டாவுக்கு உடம்பு புல்லரித்தது.

ஆள் வரத் தொடங்கியதும் அப்போதுதான்.

முதலில் இரண்டு பேர், குடையோடு. பிறகு ஐந்து பேர். பிறகு ஒரு குடும்பம், எல்லாரும் வெள்ளை உடுப்பு. வந்தவர்கள் கைகட்டி, தலையைக் குனிந்து, சுவரோரமாக நின்றார்கள். என்ன மரியாதை! என்ன அடக்கம்! மெட்டில்டாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த ஊருக்குச் சங்கீதம் தெரியாது என்று சொன்னவன் எவன்? மாஸ்டர் கண்ணைத் திறக்காமல் அதே பாட்டைத் திரும்பத் திரும்ப ஊத, அரை மணித்தியாலத்தில் நாற்பது கதிரையும் நிறைந்துபோனது.

எதிர்ப்பக்கத் தையல்கடை பஸ்லியா, பெரிய கேத்தல் நிறையத் தேத்தண்ணியும், சீனிப் பைக்கட்டுமாக ஓடி வந்தா. நேராக மெட்டில்டாவிடம் வந்து, ஒரு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதா.

“அழாதீங்க பஸ்லியா” என்றா மெட்டில்டா, முதுகைத் தடவி. “எனக்கும் அப்பிடித்தான் இரிக்கி. மனச உருக்குது என்ன?”

“யா அல்லாஹ், டீச்சர், நீங்க எனக்கு ஆறுதல் சொல்றீங்களே! எப்பிடி டீச்சர் நடந்த? நெஞ்சு வருத்தமா?”

“ஆருக்கு?”

“மாஸ்டருக்கு.”

“மாஸ்டருக்கு என்ன? அந்தா நிண்டு ஊதுறார்.”

பஸ்லியா திரும்பிப் பார்த்தா. பார்த்தபடியே நின்றா. கேத்தல் கையில் இருந்து சரிந்தது, மெட்டில்டா எட்டிப் பிடிக்காவிட்டால் பாதிப் பேருக்குக் கால் வெந்திருக்கும்.

“அப்ப... ஓட்டோல சொன்னாங்களே, பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும்...”

மெட்டில்டாவுக்கு மண்டைக்குள் ஒரு பல்ப் எரிந்தது. வெள்ளை உடுப்பு. கட்டின கை. பெட்டி எடுக்கிற பாட்டு. ஐயோ ஆண்டவரே! ஹாண்ட்பேக்கைக் கிளறி போனை எடுத்தா. பதினேழு மிஸ்ட் கோல். ஆறு வருசமாக ஒரு தரமும் வராத நம்பர், பதினேழு தரம் வந்திருந்தது.

“தினேஷா” என்றா. “உன்ட போனப் பாரு.”

தினேஷா பார்த்தாள். இருபத்திரண்டு.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள்.

மெல்ரொய் நின்றான். மழை அவனில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. பாண்ட் கோட்டு, அந்த வெள்ளைக் கோட்டு, சிவப்புக் கரை வைத்தது, ஆறு வருசமாகப் போடாதது, வயிற்றில் பூட்டுப்படாமல் பொத்தான் மாறி மாட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் ட்ரம்பெட். தகப்பனின் குழிக்குப் பக்கத்தில் நின்று அண்ணனும் தம்பியும் சொல்லிக்கொண்ட ஒன்று இருந்தது: முந்திப் போகிறவருக்கு மற்றவர் ஊதவேணும். அதுக்காக எடுத்து வந்திருந்தான்.

அழுது அழுது முகம் வீங்கிப் போயிருந்தது.

பாட்டு நின்றது. மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

“நீ... சாகல்லையா?” என்றான் மெல்ரொய்.

“இல்ல” என்றார் மாஸ்டர்.

டிரம்ஸுக்குப் பின்னால் அஸீம் தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி, மறைந்தே போனார்.

மெல்ரொய் கூட்டத்தைப் பார்த்தான், வெள்ளை உடுப்புக்காரரைப் பார்த்தான், கட்லட் சட்டியோடு நின்ற தன் மனிசியைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது நிம்மதிதான், அதை மெட்டில்டா தன் இரண்டு கண்ணாலும் கண்டா. அதுக்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கத்துக்குப் பின்னால் கோபம் வந்தது.

“விளையாட்டா? என்னை வரப்பண்ணப் போட்ட விளையாட்டா இது?”

“இல்ல மெல்ரொய், சத்தியமா இல்ல” என்றா மெட்டில்டா.

“நீங்க கதைக்காதீங்க மச்சாள். செத்த வீடு எண்டு வந்தன். செத்த வீடு இல்ல. எனக்கு இஞ்ச வேலையும் இல்ல.”

திரும்பினான். வாசலுக்கு ஐந்தடிதான். றொசானி “சித்தப்பா!” என்று கத்தினாள். நிற்கவில்லை. இப்போது போனான் என்றால் போனதுதான். இனி உண்மையாகவே பெட்டி எடுக்கிற அன்றைக்குத்தான். கலியாணமாவது, கோயில் படியாவது!

“கதைங்களன்!” என்று புருசனைப் பார்த்துச் சீறினா. “வாயில என்ன கொழுக்கட்டையா?”

அந்த மனிசனுக்கு ஒரு நாளும் கதைக்க வந்ததில்லை. அவர் சாக்ஸபோனை வாயில் வைத்தார்.

பவனிப் பாட்டு வந்தது. அந்தோனியார் பவனிப் பாட்டு. நேராக இல்லை. நெளிந்து, வளைந்து, கோயில் வாசலில் ஆறு வருசத்துக்கு முன்னம் தம்பி எப்படித் துள்ள விட்டானோ, அச்சொட்டாக அப்படியே. அதே இடத்தில் குழைவு, அதே இடத்தில் தாவல். தம்பியின் வாயில் இருந்து எதைப் பிடுங்கினாரோ அதையே தன் வாயால் ஊதினார், ஊர் பார்க்க.

மெட்டில்டா அவருடைய விரல்களைப் பார்த்தா. கட்டில் சட்டத்தில் ஆடின அதே ஆட்டம்! சோத்துக் கோப்பையில் தட்டின அதே தட்டு! நரம்புத் தளர்ச்சியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இந்த மனிசன் ஆறு வருசமாக, ஒவ்வொரு நாளும், தம்பியின் பாட்டைச் சத்தமில்லாமல் பழகிக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு வருசம் விற்றமின் கொடுத்திருக்கிறேனே நான்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவவுக்கு.

மெல்ரொய் வாசல் நிலையில் கையை வைத்தபடி நின்றுவிட்டான். முதுகுதான் தெரிந்தது.

பாட்டில் ட்ரம்பெட்டுக்கு என்று நாலு அடி இடம் இருக்கிறது. அந்த இடம் வந்ததும் மாஸ்டர் நிறுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மழை.

மாஸ்டர் திரும்ப முதலில் இருந்து வந்தார். டனிஸ்டன் சேர்ந்தான். திரும்ப அந்த இடம். நாலு அடி. மழை. மெல்ரொய்யின் முதுகு ஆடியது, குளிரிலா என்னவோ.

மூன்றாவது தரம். அஸீம் மறைவில் இருந்து எழும்பி, பிரஷ் குச்சியால் மெல்லத் தடவிக் கொடுத்தார். அந்த இடம் வந்தது. மெட்டில்டா எண்ணினா. ஒன்று. இரண்டு...

மூன்றில் ட்ரம்பெட் வெடித்தது!

முதல் சுரம் உடைந்துதான் வந்தது, அழுத தொண்டை அல்லவா. இரண்டாவது நிமிர்ந்தது. மூன்றாவது கூரைக்குப் போனது. மெல்ரொய் திரும்பினான், ஒற்றைச் செருப்போடு தண்ணீர் தெறிக்க நடந்து வந்தான். அண்ணன் ஒரு வரி கொடுத்தார், தம்பி அதைப் பிடித்துச் சுழற்றித் திருப்பி எறிந்தான். அண்ணன் கெஞ்சுகிற மாதிரி ஊதினார், தம்பி ஏசுகிற மாதிரி ஊதினான். நல்லாக ஏசினான்! ஆறு வருசத்து ஏச்சு! மாஸ்டர் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு சின்னச் சிரிப்பு மாதிரி ஒன்றை ஊத, தம்பியால் பிடித்து வைக்க முடியவில்லை. அவனும் சிரித்தான், ட்ரம்பெட் வழியாக.

வெள்ளை உடுப்புக்காரர் கையை அவிழ்த்தார்கள். தட்டத் தொடங்கினார்கள். பாண்டிருப்பு மனிசனின் மவுத் ஓர்கன் புகுந்தது. பஸ்லியா ஒரு கையால் கண்ணைத் துடைத்து, மற்றக் கையால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா, செத்த வீட்டுத் தேத்தண்ணி, ஆனால் சீனி தாராளம். தினேஷாவின் கட்லட் சட்டி ஆள் மாறி ஆள் மாறிப் போய், வெறுஞ்சட்டியாக வந்து சேர்ந்தது. ஒரு கிழவனார் மட்டும் மாஸ்டரின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உயிரோடதான் இரிக்கார்” என்று எல்லாருக்கும் அறிவித்தார்.

இஷாவுக்குப் பத்து நிமிசம் இருக்கும்போது அஸீம் ஒரு உருட்டு உருட்டி நிறுத்தினார். கூச்சலும் விசிலும் அடங்க நேரம் எடுத்தது.

அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இவ்வளவு ஊதியும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

“ரீட் நனஞ்சு போச்சு” என்றான் மெல்ரொய், சாக்ஸபோனின் வாயில் செருகின நாணல் தகட்டைக் காட்டி. “மாத்துங்க அண்ணே.”

அண்ணே!

மாஸ்டர் பெட்டியைத் திறந்து புது ரீட்டைத் தேடினார். கண் தெரியவில்லை, அல்லது கண்ணில் தண்ணி. மெல்ரொய் குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

“உதடு...” என்றார் மாஸ்டர். அவ்வளவுதான் வந்தது.

“அது அப்பவே ஆறிட்டுது.”

றொசானி ஓடிப்போய்ச் சித்தப்பாவின் ஈரக் கோட்டைக் கட்டிப் பிடித்தாள். “தை பதினெட்டு! கோயில் வாசல்ல! சொல்லிட்டன்!”

“செருப்பு ரெண்டும் போட்டுக்கொண்டு வாறன்” என்றான்.

மெட்டில்டாவுக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. விடை வந்துவிட்டது கணக்குக்கு! அப்போதுதான் கையில் இருந்த போன் அதிர்ந்தது. இத்தாலி நம்பர். பெரியக்கா, புருசனின் மூத்த அக்கா.

“மச்சாள்!” என்று மெல்ரொய் பதறினான். “நான் வரக்குள்ள பெரியக்காக்கும் சொல்லிட்டன், அண்ணன் போயிட்டார் எண்டு!”

“ஐயோ நீ ஒருத்தன்!” என்று சிரித்துக்கொண்டே மெட்டில்டா வாசலுக்கு ஓடினா. ஓட்டோவின் மறைப்பில் நின்று போனைக் காதில் வைத்தா. “பெரியக்கா, ஒண்டும் இல்ல, கேளுங்க...”

மறுமுனையில் கேட்கிற நிலையில் ஆள் இல்லை. ஒப்பாரி ஓடிக்கொண்டிருந்தது.

“பெட்டிய எடுத்திராதீங்கடி! டிக்கெட் போட்டுட்டன், நாளண்டைக்கு வந்திருவன். வில்பிரட் தம்பிட காலப் பிடிச்சு நான் ஒண்டு சொல்லோணும். அண்டைக்குத் திருநாளில சின்னவன அப்பிடி ஊதச் சொன்னது நான்தான் மெட்டில்டா. நான்தான்! வீடியோ கோல்ல பாத்துக்கொண்டு இருந்தனான். அப்பா வீட்டில எங்கள ஆட வைக்க ஊதுவாரே, அப்பிடி ஒருக்கா ஊதுடா எண்டு நான்தான் கெஞ்சினன். என்ட பேரச் சொல்லாத எண்டு சத்தியமும் வாங்கினன். அவன் வாயே திறக்கல்ல. உதட்டில ரத்தத்தோட போனான், வாயே திறக்கல்ல. நான் ஆறு வருசமும் பாத்துக்கொண்டு இருந்தனே. வில்பிரட்கிட்ட சொல்லாம அவன அனுப்பிட்டனே...”

மெட்டில்டாவின் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

உள்ளே மஞ்சள் பல்ப்புக்குக் கீழே, மாஸ்டர் புது ரீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். மெல்ரொய் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய மேல் உதட்டில் அந்த வெடிப்பின் அடையாளம் ஒரு சின்ன வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நாலு மீற்றர் தூரத்தில், ஆறு வருசத்தில் முதல் தரம், அவவுக்கு அது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

மாஸ்டர் நிமிர்ந்தார். வாசலைப் பார்த்துச் சிரித்தார், வாய் நிறைய.

“மெட்டில்டா, மழைக்க நிண்டு என்ன செய்றாய்? ஆரு போன்ல?”